சீனாவில் சீனவலை தேடிய நாள்

குவாங்சோ நகரத்தில் எனக்கு ஒரே ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. அதற்குக் காரணம் எங்கள் கடை முதலாளி இக்காவின் வயிறு.

மட்டாஞ்சேரியில் ஓட்டல்களுக்கு அலங்கார விளக்கும் குளியலறைக் குழாயும் விற்கிற கடை எங்களுடையது. அதாவது இக்காவுடையது. நான் அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறவன், ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறவன். சரக்குப் பார்க்க இக்கா சீனாவுக்குப் போனபோது துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். நான்கு நாள் விளக்குக் கடைகளிலேயே சுற்றினோம். ஐந்தாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டில், மிளகாய் எண்ணெய் மிதந்த நூடுல்ஸைப் பார்த்து, "கொச்சிக்காரன்கிட்டயா இவன் எரிவு காட்டுறான்!" என்று சொல்லி இரண்டு கிண்ணம் இறக்கினார். ஆறாம் நாள் காலையில் அவர் குரல் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்துதான் வந்தது.

"எடா, நீ போய் ஊரு கண்டுட்டு வா. என்னை விட்டேக்கு."

"தனியா இருப்பீங்களா இக்கா?"

"தனியா இல்லடா. குழாய் உண்டு."

அப்படிக் கிடைத்தது அந்த நாள். வேறு யாராவது என்றால் அந்த ஊரின் உயரமான கோபுரத்தைப் பார்க்கப் போயிருப்பார்கள். எனக்கு வேறு வேலை இருந்தது. நான் சீனவலை தேட வேண்டும்.

ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் வரிசையாக நிற்கும் அந்த வலைகளைப் படத்திலாவது பார்க்காதவர்கள் இருக்கமாட்டார்கள். நீண்ட மரங்களின் நுனியில் நான்கு மூலையும் கட்டித் தொங்கும் பெரிய வலை. மறுமுனையில் கயிறுகளில் கட்டிய கற்கள். ஒருவர் மரத்தின்மேல் நடந்துபோய் வலையைத் தண்ணீருக்குள் தாழ்த்துவார். பிறகு எல்லோரும் சேர்ந்து கயிற்றை இழுப்பார்கள். கற்கள் கீழே இறங்க இறங்க, வலை மீனோடு மேலே வரும். சில நேரம் மீன் இல்லாமலும் வரும். என் அப்பா அவற்றில் ஒன்றில் கயிறு இழுக்கிறவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர், சாரத்தைவிடக் கடற்கரைக் காற்று நன்றாக இருக்கிறது என்று வலைக்கு மாறிவிட்டார்.

அந்த வலையில் ஐந்து பேர். அப்பாவுக்கு ஆறு மாதமாக வலது தோளில் வலி. இதைப் பார்த்த வலை முதலாளிச் சேட்டன் ஒரு நாள் சாயா குடிக்கும்போது, "அஞ்சு பேர் எதுக்கு? நாலு மதி, போதும்" என்றிருக்கிறார். ஐந்தில் யார் இல்லாமல் போவார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் அப்பாவின் தோளைப் பார்த்திருக்கிறார்கள்.

அப்பா விடவில்லை. "இது சீனாக்காரன் கணக்குப் பண்ணிச் செஞ்ச வலை சேட்டா. அஞ்சு ஆளுக்குன்னு செஞ்சது. நாலு பேர் இழுத்தா கல்லு சிரிக்கும்."

"சீனாவுல எத்ர பேருன்னு நீ கண்டியா?"

"நான் காணல. என் மோன் அடுத்த வாரம் அங்கதான் போறான். நேர்ல பாத்துச் சொல்லட்டும். சீனாவுல அஞ்சுக்குக் கொறச்சு இழுத்தா, நானே எறங்கிக்கறேன்."

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத எல்லா விஷயங்களுக்கும் நான்தான் பொறுப்பு. டாக்டரின் கையெழுத்து, டிவி ரிமோட், கேஸ் சிலிண்டர் விண்ணப்பம், இப்போது சீனா. கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பா என் எதிரில் உட்கார்ந்து கேள்விகளைச் சொன்னார். நான் போனில் எழுதிக்கொண்டேன். எனக்கு மலையாள எழுத்துதான் வேகமாக வரும். தமிழைப் பின்னாளில் கூட்டிக் கூட்டிப் படித்தவன். அதனால் கேள்விகள் தமிழ், எழுத்து மலையாளம். சீனாவில் எத்தனை பேர் இழுக்கிறார்கள். எத்தனை கல். சாயா யார் செலவு, முதலாளியா, தொழிலாளியா. கடைசியாக, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி: தோள் வலித்தால் அங்கே என்ன தடவுகிறார்கள்.

"மூணு மணிக்கு எல்லாரும் சாயாவுக்கு வலைப்பக்கம் இருப்போம். சேட்டனும் வரும். நீ வலைப்பக்கத்துல நின்னுட்டு வீடியோவுல வா. கேட்டோ?"

கொச்சியில் மூன்று மணி என்றால் குவாங்சோவில் ஐந்தரை. காலை ஒன்பது மணிக்கு நான் ஓட்டலின் வரவேற்பு மேசைக்குப் போய் நின்றேன்.

என் போனில் வலையின் படம் இருந்தது. கொச்சிக்காரன் எவன் போனில்தான் இருக்காது? மேசையில் இருந்த பெண்ணிடம் அதைக் காட்டி, மொழிபெயர்க்கும் செயலியில் ஆங்கிலத்தில் பேசினேன். அது சீனத்தில் அவளிடம் சொன்னது. அவள் முகம் மலர்ந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினாள். சாமான் தூக்குகிற பையனும் எட்டிப் பார்த்தான். அவள் ஏதோ சொன்னாள். திரையில் வந்தது: 'மிக அழகாக இருக்கிறது. இது எங்கே?'

"கொச்சி. இந்தியா."

'இதன் பெயர் என்ன?'

"சீனவலை."

செயலி அதையும் சொன்னது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெண், வழி தவறிய குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினாள். 'ஐயா, சீனா இதுதான். இப்படி ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை. இது இந்திய வலை.'

அந்த வலை சீனாவிலிருந்து வந்தது என்று எங்கள் ஊர் வழிகாட்டிகள் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்ட செய்தி, சீனாவுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

நான் மெட்ரோவில் ஏறினேன். அங்கே பயணச்சீட்டுக்குப் பதில் கேரம் காயைப் போல ஒரு வட்டமான பிளாஸ்டிக் துண்டு தருகிறார்கள். வெளியே போகும்போது அதை இயந்திரத்தில் போட வேண்டும். நான் அதை நினைவுக்காக வைத்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டுவிட்டேன். கதவு திறக்கவில்லை. பின்னால் வரிசை சேர்ந்தது. ஒரு பாட்டியம்மா என் சட்டைப் பையிலேயே கையை விட்டு அதை எடுத்துப் போட்டு, முதுகில் தட்டி என்னை வெளியே தள்ளினார். படித்தவன் என்பது பாஸ்போர்ட்டில் எழுதியிருக்காது.

ஆற்றங்கரையில் ஷாமியன் என்று ஒரு சின்னத் தீவு. பழைய காலத்து வெள்ளைக்காரர் கட்டிய கட்டடங்கள் இருக்கின்றன என்று இணையத்தில் படித்திருந்தேன். தண்ணீர், பழைய கட்டடம் என்றால் வலையும் இருக்கும் என்பது என் கணக்கு. கொச்சியில் பிறந்தவனுக்கு அந்தக் கணக்குதான் வரும். போய் நின்றேன். மஞ்சள் சுவர், பச்சை ஜன்னல், கிளை விரித்த பெரிய மரங்கள், மரத்தடியில் ஒரு பூனை, நடு ரோட்டில் வெள்ளை கவுன் போட்ட மணப்பெண்ணை மூன்று கேமராக்காரர்கள் விரட்டிக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முந்தைய சேவ் த டேட் படம் எடுக்கிறார்கள். அப்படியே ஃபோர்ட் கொச்சி. விசா வாங்கி, விமானம் ஏறி, நான் எங்கள் பக்கத்துத் தெருவுக்கு வந்திருந்தேன். எல்லாம் இருந்தது, வலையைத் தவிர.

அங்கே ஒரு புகைப்படக்காரரிடம் படத்தைக் காட்டினேன். அவர் மணமக்களை நிற்க வைத்துவிட்டு என்னிடம் வந்துவிட்டார். 'கொச்சிக்கு எங்கிருந்து விமானம்? இந்த வலையின் முன்னால் மணப்பெண்ணை நிறுத்தலாமா? வெளிச்சம் எத்தனை மணிக்கு நன்றாக இருக்கும்?' நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், கேமராவை மேற்கே பார்த்து நிறுத்தினால் சூரியன் வலைக்குள் விழும் என்றேன். மணப்பெண்ணே கவுனைத் தூக்கிக்கொண்டு வந்து படத்தைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம் கோபமாக ஏதோ கேட்டாள். 'நம்மை ஏன் இங்கே கூட்டி வந்தாய்' என்பதாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் நான் நகர்ந்துவிட்டேன்.

மத்தியானத்துக்குள் ஏழெட்டுப் பேரிடம் காட்டிவிட்டேன். எல்லோரும் ரசித்தார்கள். எல்லோரும் 'இந்திய வலை' என்றார்கள். கேரளச் சுற்றுலாவுக்கு நான் அன்றைக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்த்தேன்.

ஆற்றைக் கடக்கப் படகு போகிறது என்று தெரிந்ததும் ஓடிப்போய் ஏறினேன். எங்கள் ஊரில் வைப்பின் தீவுக்குப் போகும் ஜங்கார் படகில் நிற்பதுபோல ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு கரையையும் ஒரு முழம் விடாமல் பார்த்தேன். இந்தக் கரையில் கட்டடம். அந்தக் கரையில் அதைவிடப் பெரிய கட்டடம். எல்லோரும் பார்க்கும் அந்த உயரமான கோபுரம் தூரத்தில் தெரிந்தது. அதன் அடியில் வலை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அக்கரையில் இறங்காமல் அதே படகில் திரும்பினேன். மறுபடி போனேன். மூன்றாவது தடவை படகுக்காரர் எனக்குத் தலையாட்டி வணக்கம் வைத்தார்.

நாலரை மணிக்கு ஆற்றங்கரையோரப் பூங்கா ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன். கால் வலித்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அப்பா கூப்பிடுவார். அப்பாவின் பின்னால் வலை முதலாளிச் சேட்டன் சாயா டம்ளரோடு நிற்பார்.

பூங்காவில் வயதானவர்கள் ஒரு கூட்டம், ஒலிபெருக்கியில் பாட்டு வைத்து வரிசையாக நின்று உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். முன்னால் சிவப்புத் தொப்பி வைத்த ஓர் அம்மா கணக்கு டீச்சரைப்போல எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கம்பி வேலியோரம் பெரியவர் ஒருவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைசி ஆளாக அவரிடம் படத்தைக் காட்டினேன்.

அவர் பார்த்தார். 'அழகு' என்று சொல்லவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். தலையாட்டினார். தன் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார்.

நான் செயலியை அவர் வாயருகே நீட்டினேன். 'எங்கள் ஊரில் இருக்கிறது,' என்று திரையில் வந்தது. 'இங்கிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம். என் தம்பியுடையது.'

வீடியோ ஓடியது. அகலமான ஆறு. தண்ணீருக்குள்ளிருந்து நான்கு மூலை கட்டிய வலை எழும்பி வந்தது. அதேதான்! அதே சதுரம், அதே வளைவு, வலையின் நடுக்குழியில் துள்ளும் அதே மீன். கேமரா மெல்லத் திரும்பி இழுக்கிறவர்களைக் காட்டியது.

பிளாஸ்டிக் ஸ்டூலில் பனியன் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாயில் சிகரெட். அவர் விரல் ஒரு சுவிட்சின் மேல் இருந்தது. பக்கத்தில் மோட்டார் ஓடியது. காலடியில் ஒரு நாய் தூங்கியது.

நான் மூன்று முறை எண்ணினேன். நாயைச் சேர்த்தாலும் இரண்டுதான்.

"முன்னாடி? மோட்டார் வருவதற்கு முன்னாடி, கையால் இழுத்தபோது எத்தனை பேர்?" என்று கேட்டேன். என் குரல் போன போக்கைச் செயலி மொழிபெயர்த்திருக்காது. பெரியவர் விரல் மடக்கினார். 'அப்பா, நான், தம்பி. மூன்று.' யோசித்தார். 'அம்மாவுக்குக் கோபம் இல்லாத நாளில், நான்கு.'

சேட்டன் சொன்ன அதே நான்கு. சீனாவில் ஒரு குடும்பத் தலைவியின் கோபம் தீர்ந்திருந்தாலும் என் அப்பாவுக்கு இடமில்லை.

பெரியவர் கேட்டார்: 'உங்கள் வலை பெரிது. நீங்கள் எப்படி இழுக்கிறீர்கள்?'

எழுந்து நின்று செய்து காட்டினேன். ஒரு காலை முன்னால் ஊன்றி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே கயிற்றைப் பிடித்து, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து, "ஏலய்யா… ஏலோ!" என்று இழுத்தேன். சின்ன வயதில் அப்பாவோடு நின்று எத்தனையோ தடவை இழுத்திருக்கிறேன். பெரியவர் தூண்டிலை வைத்துவிட்டு என் பின்னால் வந்து நின்று இழுத்தார். அவருக்குப் பழைய பழக்கம் கையிலேயே இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் சார்ஜ் தீர்ந்து பாட்டு நின்றுபோனது. பயிற்சிக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. சிவப்புத் தொப்பி அம்மா இடுப்பில் கை வைத்து எங்களை ஒரு நிமிடம் ஆராய்ந்தார். இது முதுகுக்கு நல்லது என்று முடிவு செய்திருக்க வேண்டும். ஒரு கைதட்டல். அத்தனை பேரும் வந்து எங்கள் பின்னால் வரிசை கட்டினார்கள்.

"ஏலய்யா!" என்றேன்.

"ஏலயா!" என்றது வரிசை.

எனக்கும் வேகம் வந்துவிட்டது. காலை முதல் இருந்த ஏமாற்றத்தையெல்லாம் சேர்த்து இழுத்தேன். அப்போதுதான் பெஞ்சில் இருந்த என் போன் மணியடித்தது. நான் கயிற்றை விட்டுவிட்டு, அதாவது இல்லாத கயிற்றை விட்டுவிட்டு ஓடுவதற்குள், பெரியவர் போய் எடுத்துப் பச்சைப் பொத்தானை அழுத்தி, உதவியாக எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

திரையில் அப்பாவின் முகம். பின்னால் நான்கு தலைகள். அதற்கும் பின்னால் சேட்டன்.

"எலே!" அப்பா கத்தினார். "எத்தனை பேருலே!"

"அப்பா, இரு, இது…"

"சேட்டா, வந்து பாரும்! எண்ணும்! ஒண்ணு, ரெண்டு… எல்லாம் கெழவங்களும் கெழவிகளும்! தோளு வலிக்கலியாமா அவங்களுக்கு?" பிறகு தொழில்காரர் குரலில், "மோனே, அந்தச் செவப்புத் தொப்பி அம்மாகிட்டச் சொல்லு, பின்காலு வழுக்கும். கொஞ்சம் அகட்டி ஊனச் சொல்லு."

என்ன செய்வது? சைகை காட்டினேன். அந்த அம்மா காலை அகட்டி ஊன்றினார். அப்பா திருப்தியாகத் தலையாட்டினார்.

சேட்டன் முகத்தைத் திரைக்குள் நுழைத்தார். "பதினாலு பேர் உண்டல்லோ. வலை எவிடே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "வலை தண்ணிக்குள்ள கெடக்கும் சேட்டா. பின்ன ஆகாசத்துலயா கெடக்கும்?"

"அப்பா, வலையே இல்ல! இது எக்சர்சைஸ்!" என்று கத்தினேன். அங்கே நான்கு பேரும் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ "மீன் கேறி, மீன் கேறி!" என்றார்கள். வலையில் ஏறிய மீனைத் தூக்க எல்லோரும் ஓடினார்கள். கடைசியாகத் தெரிந்தது கொச்சி வானம். பிறகு இணைப்பு அறுந்தது. பெரியவர் அதே போனில் வரிசை இழுப்பதை வீடியோ எடுத்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.

ஓட்டலுக்குத் திரும்பி அப்பாவைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். மோட்டார், சுவிட்ச், ஸ்டூல், நாய். கையால் இழுத்த காலத்திலும் மூன்று, மிஞ்சினால் நான்கு.

"கல்லு எத்தனை?"

"கல்லே இல்லப்பா."

"கல்லு இல்லாம அது வலையா? லிஃப்ட். நீ லிஃப்டைப் பாத்துட்டு வலைங்கிற." பிறகு, "சேட்டன்கிட்டச் சொல்லணுமா?" என்றார்.

"சொல்லணும்பா. நீதானே பந்தயம் வெச்சே. பொய்யில நீ அங்க நிக்கக் கூடாது."

"ஒன்னைப் படிக்க வெச்சதுதான் தப்பாப் போச்சு," என்று வைத்துவிட்டார். குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து இக்கா, "எடா, சத்தியம் பறஞ்சது நன்னாயி," என்றார். அவருக்கு அன்றைக்கு எதையும் அடக்க முடியவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் மூன்று மணிக்கு வலைக்குப் போனேன். அப்பா என்னைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் எனக்கு அனுப்பியிருந்த மோட்டார் வீடியோவைச் சேட்டனிடம் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதை நான்கு தடவை பார்த்தார். "ஒராள்," என்றார். "ஒரு பட்டி." பட்டி என்றால் நாய். அப்பாவின் கை முடிச்சிலேயே நின்றது.

"மோட்டார் வெச்சா நாலு பேரும் வேண்டா," என்றார் சேட்டன். இப்போது மற்ற நால்வரின் சாயாவும் நின்றது.

அந்த நேரம் வலைக்குப் போகும் மரப்பாலத்தில் ஒரு வெளிநாட்டுக் கூட்டம் வந்து நின்றது. கேமராக்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, யாராவது எழுந்து இழுக்க மாட்டார்களா என்று காத்திருந்தார்கள். யாரும் எழவில்லை. கூட்டத்தில் ஒருவர் எங்களைப் பார்த்துக் கயிறு இழுப்பதுபோலச் சைகை காட்டினார். சேட்டன் அவரைப் பார்த்தார். போனில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

"ஸ்டூலில இரிக்கிறவனை ஆரு போட்டோ எடுக்கும்? ஆரு காசு தரும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு என்னிடம், "ஆ மத்த வீடியோ காட்டு. தொப்பிக்காரி," என்றார். பதினான்கு பேர் இழுப்பதைப் பார்த்தார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. அப்பாவிடம் திரும்பினார். "டோய், நீ இவிடே இருந்தே அந்த அம்மையோட காலு சரியாக்கினேல்ல? இவங்க காலையும் சரியாக்கு. மேலே ஏத்து. இழுக்கட்டே."

அப்பா எழுந்தார். வெளிநாட்டுக்காரர்களைக் கையசைத்துக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொருவர் பின்காலையும் தன் காலால் தட்டி அகட்டினார். கயிற்றின் பாரம் அவர்கள்மேல், அப்பாவின் தோள் சும்மா. "ஏலய்யா!" என்று குரல் கொடுத்தார். வலையில் ஆட்கள் ஐந்தாகவே இருந்தார்கள். அப்பாவின் வேலை அன்றிலிருந்து பெரும்பாலும் கால் பார்ப்பதாயிற்று.

என்னிடம் மட்டும் ஒரு வாரம் முறைப்பாகவே இருந்தார். மாசக் கடைசியில் பெரியவர் ஒரு வீடியோ அனுப்பினார். அதே பூங்கா. இப்போது ஒலிபெருக்கிப் பாட்டுக்கே கயிறு இழுக்கிறார்கள். சிவப்புத் தொப்பி அம்மா முன்னால் நின்று "ஏலயா" என்று அதட்டுகிறார். வரிசை இரண்டாகிவிட்டிருந்தது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கி விரல் விட்டு எண்ணினார். இருபத்தாறு.

"சேட்டனுக்கு அனுப்பு," என்றார். "சீனாவுல ஆளு கூட்டியிருக்கான்னு சொல்லு."